கடிகாரத்துக்குள் இருந்த சாவி

ஹாமில்டன், ஒஹாயோ
2017 ஜூன் 2

அன்புத் தம்பி ஹோபர்ட்டுக்கு,

அக்கா வெர்டி எழுதுகிறேன். கர்த்தர் தயவில் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் முதுகு எப்படி இருக்கிறது? உன் மகள் ரெட்டா சரியாகச் சாப்பிடுகிறாளா? ஆள் நூலாகப் போயிருந்தாள்.

தொலைபேசியில் பேசினால் என் காதில் விசில் சத்தம்தான் கேட்கிறது. அதனால் ஐம்பது வருடமாக எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து, நீதான் பழகியவனாயிற்றே.

இந்த வருடம் மலைமேல் நம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள் மனதை விட்டுப் போகவில்லை. உன் பக்கத்து வீட்டு டெல்பர்ட் தன் நாலு சக்கர மலைவண்டியைக் கொண்டுவந்து அடிவாரத்தில் நிறுத்திக்கொண்டு என்ன சொன்னான், கேட்டாயா? "ஏறுங்க அத்தை, எழுபது தாண்டினவங்க எல்லாரும் ஏறியாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி." நான் விடவில்லை. "உன் வண்டியில உரமூட்டைய ஏத்துடா. எங்கம்மாவ பார்க்க நான் நடந்துதான் போவேன்" என்றேன். எழுபத்தாறு வயதில், கையில் ஒரு கூடைப் பூவோடு, அந்தச் செங்குத்து ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறினேனா இல்லையா? மேலே நின்றவர்கள் கை தட்டினார்கள். டெல்பர்ட் எடுத்த படத்தை உனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பேத்தி கெல்சிக்கு அடுத்த மாதம் நர்ஸ் பரீட்சை. நம் இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதல் நர்ஸ். ஊரில் யார் கேட்டாலும் சொல்.

உன் அக்கா,
வெர்டி


லிக் ஓடை, கென்டக்கி
2017 ஜூன் 19

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம். என்னைப் பற்றி எழுத நல்ல சேதி இல்லை.

பன்னிரண்டாம் தேதி காலையில் கிளினிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாத்திரைப் புட்டியோடு வரவேண்டும் என்றார்கள். இது புதிதல்ல. இந்த வலி மாத்திரையைக் கொடுப்பதற்கு மாநிலம் சட்டம் போட்ட நாளிலிருந்து நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன். ஒரே மருத்துவர், ஒரே மருந்துக்கடை. மாதம் ஒருமுறை குப்பியில் சிறுநீர். மாத்திரையைப் பூட்டி வைக்கவேண்டும். கூப்பிட்டால் கொண்டுபோய் எண்ணிக் காட்டவேண்டும். சுரங்கக் கூரை என் முதுகில் விழுந்த பிறகு இப்படித்தான் காலம் போகிறது. இதுவரை ஒரு மாத்திரை குறைந்ததில்லை. அது உனக்குத் தெரியாது, எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அந்த நர்ஸ் பெண் நீலத் தட்டில் கொட்டி எண்ணினாள். "ஐயா, இன்னிக்கு அறுபத்தொம்பது இருக்கணும். அறுபத்தாறுதான் இருக்கு."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை எண்ணும்மா."

"மூணு தடவை எண்ணிட்டேன் ஐயா." அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

டாக்டர் உட்காரக்கூட இல்லை. "ஹோபர்ட், உங்கள எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நாங்க உங்க மாத்திரைய எண்ணுற மாதிரி, மேல இருக்கிறவங்க நான் எழுதுற சீட்ட எண்ணிக்கிட்டிருக்காங்க. என் கையில இல்ல" என்றார். புட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குறைத்துக் குறைத்து நிறுத்துவதற்கு முப்பது மாத்திரை தந்தார்கள். அதோடு சரி.

மாத்திரை வைக்கும் இரும்புப் பெட்டியின் சாவி அம்மாவின் சுவர்க்கடிகாரத்துக்குள் தொங்குகிறது. நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் நானும் ரெட்டாவும்தான். எட்டு வருடமாக அவள் போதை மாத்திரை எதையும் தொடவில்லை. புதன்கிழமை தவறாமல் தேவாலயத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போய் வருகிறாள். அதற்கு மேல் யோசிக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் தம்பி,
ஹோபர்ட்


(தபாலில் சேராத கடிதம்)

ஹாமில்டன்
2017 ஜூன் 24

தம்பி,

நான்தான்.

உன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே முழங்கால் வீங்கிவிட்டது. காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீ பார்க்கவில்லை. மறுநாள் மலை ஏறவேண்டும். டெல்பர்ட்டின் வண்டியில் கிழவிகளோடு கிழவியாக உட்கார எனக்குச் சம்மதம் இல்லை.

நீ வெளியில் பூக்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தாய். அம்மா மூக்குப்பொடி டப்பாவை எங்கே ஒளித்து வைப்பாள் என்று எனக்குத் தெரியாதா? கடிகாரத்தைத் திறந்தேன். சாவி இருந்தது. ஒன்றை அப்போதே விழுங்கினேன். இரண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன், காலையில் ஏறுவதற்கு.

உன்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய். கேட்கத்தான் வாய் வரவில்லை. சுரங்கக் குடியிருப்பில் நாம் வளரும்போது ஒரு வீட்டு மருந்து ஒன்பது வீட்டுக்குப் போகும், யார் எண்ணினார்கள்? அவ்வளவு பெரிய புட்டியில் மூன்று என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இதைச் சொன்னால் கெல்சிக்கு ஏதாவது வருமோ? பாட்டி மாத்திரை திருடினவள் என்று தெரிந்தால் நர்ஸ் வேலை


ஹாமில்டன்
2017 ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதுகுக்குத் தேய்க்கத் தைலம் இரண்டு புட்டியும், போன வருடம் காய்ச்சிய ஆப்பிள் பாகு ஆறு ஜாடியும் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். தைலத்தைச் சூடுபடுத்தித் தேய்.

மருந்துக்கடையில் எண்ணும்போதே தப்பியிருக்கலாம். நீ கை கழுவும் தொட்டிப் பக்கம் வைத்து எடுக்கிறவன், உருண்டு போயிருக்கலாம். அப்படியே யாராவது எடுத்திருந்தாலும், எடுத்தவர் யாராக இருந்தாலும் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார். ஏதோ ஒரு வேதனையில் எடுத்திருப்பார். அதனால் ரெட்டாவிடம் ஒன்றும் கேட்காதே. அந்தப் பேச்சையே எடுக்காதே.

இங்கே எல்லாரும் சுகம். வேறு டாக்டர் யாராவது கிடைப்பார். கர்த்தர் வழி விடுவார்.

உன் அக்கா,
வெர்டி


லிக் ஓடை
2017 ஜூலை 29

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. இரண்டு ஜாடி உடைந்துவிட்டது. மீதியைச் சாப்பிட ஆள் இல்லை.

முப்பது மாத்திரையும் தீர்ந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாலு நாள் வேர்வையும் நடுக்கமும் வாந்தியும். ரெட்டா பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தாள். இந்த வழியில் நடந்து வந்தவள் அல்லவா, எது எப்போது வரும் என்று முன்கூட்டியே சொன்னாள். "இன்னிக்கு ராத்திரி கால் தானா உதறும்பா, பயந்துடாதீங்க." அவள் சொன்னபடியே உதறியது. அந்தக் கஷ்டம் தீர்ந்ததும் பழைய வலி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

நாலு கிளினிக்குக்குப் போனோம். கணினியைப் பார்க்கிறார்கள், முகம் மாறுகிறது. "ஒப்பந்தம் மீறியவர்" என்று என் பெயருக்கு எதிரே இருக்கிறதாம். ஒருவர் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். முப்பத்தொரு வருடம் நிலக்கரித் தூசியை மூச்சாக விட்டவனிடம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். 'எடுத்தவர் யாராக இருந்தாலும்' என்று எழுதியிருக்கிறாய். நீயும் அதைத்தான் நினைக்கிறாய், என் மனம் நோகக்கூடாது என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் அவளிடம் கேட்கத் துணிவு வந்தது.

"சாவி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"நீ எடுத்தியா?"

"அத்தை என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "ஏதோ ஒரு வேதனையில எடுத்திருப்பார்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் அக்கா. சத்தமாகச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லக்கூடாததைச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கார்பின் நகரத்தில் ஒரு சலவைக்கடையில் வேலை செய்கிறாளாம், கடைக்குப் பின்னாலேயே தங்கியிருக்கிறாளாம்.

உன் தம்பி,
ஹோபர்ட்


ஹாமில்டன்
2017 செப்டம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள். முழங்கால் சரியில்லை, மேசையில் உட்காரவே முடியவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். உட்கார்ந்தேன். தாள்தான் வெள்ளையாகவே இருந்தது.

நீ தனியாக எப்படிச் சமைக்கிறாய்? டெல்பர்ட் விறகு கொண்டுவந்து போட்டானா? ரெட்டாவைத் திரும்பக் கூப்பிடு. நான் சொல்கிறேன், கூப்பிடு. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதே.

கெல்சி பரீட்சையில் தேறிவிட்டாள். வெள்ளைச் சட்டையில் எடுத்த படம் இதோடு இருக்கிறது. எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். கை கொடுக்கும்போது உன் நினைவுதான்.

கம்பளிப் போர்வை ஒன்று பின்னி அனுப்புகிறேன்.

உன் அக்கா,
வெர்டி


லிக் ஓடை
2017 நவம்பர் 20

அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். போர்வை வந்தது. இனிமேல் பெட்டி எதுவும் அனுப்பவேண்டாம். வாசலில் இருந்து உள்ளே இழுத்து வர முடியவில்லை, மூன்று நாள் மழையில் கிடந்தது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் போகிறேன். ரெட்டாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

டெல்பர்ட் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான், நீ பூக்கூடையோடு மலை ஏறுகிற படம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வலி பொறுக்க முடியாத நேரத்தில் அதைத்தான் பார்க்கிறேன். என் அக்கா இந்த வயதில் ஒரு மருந்தும் இல்லாமல் ஏறினாளே, நாம் ஏன் இப்படி அழுகிறோம் என்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

என் துப்பாக்கியை டெல்பர்ட்டிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மான் வேட்டைக்கா என்று கேட்டான். இல்லை, உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஹோபர்ட்


ஹாமில்டன்
2017 நவம்பர் 27

தம்பி ஹோபர்ட்,

இதில் சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேரே சொல்கிறேன்.

மூன்று மாத்திரையும் எடுத்தவள் நான். அம்மா மூக்குப்பொடி ஒளித்த கடிகாரத்தில் சாவி தொங்கியது. கறுப்பு நூலில் கோத்திருந்தாய், நூலில் இரண்டு முடிச்சு. நான் எடுத்தேன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பூ வைக்கும் நாளுக்கு முதல் நாள் ஒன்று, அன்று காலை இரண்டு. அந்தப் படத்தில் மலை ஏறுவது நான் இல்லை தம்பி, உன் மாத்திரை. நான் அதற்குப் பூக்கூடை தூக்கிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

அந்தப் படத்தைக் கழற்றி அடுப்பில் போடு.

அவர்கள் எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு ஒரு சாக்கு இல்லை. உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டதே. அன்றைக்கே ஒரு கடிதம் எழுதித் தையல் பெட்டியில் போட்டேன். அதற்கு மாற்றாக உனக்கு அனுப்பியதில் 'எடுத்தவர் யாராக இருந்தாலும்' என்று எழுதினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய வரி, உன் மகளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டது. ஐந்து மாதம். ஐந்து மாதமும் தைலமும் பாகும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கெல்சியைச் சாக்காக வைத்திருந்தேன். நேற்று அவளிடமே சொன்னேன். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "பாட்டி, என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அங்க ஒருத்தர் துப்பாக்கிய அடுத்த வீட்டுல கொடுத்து வச்சிருக்காரு. நீங்க இன்னும் என்ன யோசிக்கிறீங்க?" என்றாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

கிளினிக்குக்கும் இன்றே எழுதிவிட்டேன். கெல்சி தட்டச்சு செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம், என் கையெழுத்திலேயே போகட்டும் என்றேன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதி, போலீசுக்குச் சொல்லவேண்டும் என்றால் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

என்னை மன்னி என்று கேட்க வரவில்லை. ரெட்டாவைக் கூப்பிடு.

வெர்டி


லிக் ஓடை
2018 மார்ச் 4

அத்தைக்கு,

ரெட்டா எழுதுகிறேன். நீங்களும் கெல்சியும் சுகம் என்று நம்புகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மூன்று மாதமாகத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டெல்பர்ட்டின் காரில் சலவைக்கடைக்கே வந்துவிட்டார். அந்த முதுகோடு, அவ்வளவு தூரம். உள்ளே வர முடியவில்லை. காரில் இருந்தபடியே, "வீட்டுக்கு வாம்மா, நான் ஒரு முட்டாப்பய" என்றார். அவர் முட்டாள் இல்லை அத்தை. சின்ன வயதிலிருந்து தன்னை வளர்த்த உங்களை நம்பினார்.

கிளினிக்கிலிருந்து உங்கள் கடிதத்துக்குப் பதில் வந்தது. நாலு வரி. மருந்தைப் பத்திரமாக வைப்பது நோயாளியின் பொறுப்பு, வேறு ஒருவர் கைக்குப் போனது என்றால் அதுவும் மீறல்தான், முடிவில் மாற்றம் இல்லை. நீங்கள் உண்மையைச் சொன்னதால் அங்கே எந்தக் கதவும் திறக்கவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

லெக்சிங்டனில் ஒரு டாக்டர் அம்மா. அவர் அலுவலக வாசலில் நான் மூன்று காலை உட்கார்ந்தேன். கடைசியில் அப்பாவைப் பார்த்தார். பழைய அளவில் பாதிதான் தருகிறார், போகவர ஐந்து மணி நேரம். பாதி வலி இருக்கிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்கிறார். நான் உரித்தால் நார் நிற்கிறதாம், குறை சொல்கிறார்.

இனி நான் சொல்லவேண்டியது. நீங்கள் ஊரிலிருந்து வந்த அன்றைக்கு நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் புட்டியின் மூடி. அழுத்தித் திருகுகிற அந்தச் சத்தத்தை எந்த வீட்டில், எந்த அறையில் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஜன்னலில் உங்கள் நீலச் சால்வையைப் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எட்டு வருடத்துக்கு முன் மறுவாழ்வு இல்லத்து வாசலில் என்னை இறக்கிவிட்டது நீங்கள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க குடும்பத்துல கேக்காம எடுத்தவங்க யாரும் கிடையாது. நீதான் முதல் ஆளு" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எட்டு வருடம் ஏறினேன். நான் வாயைத் திறந்திருந்தால், என் பேச்சு ஒரு பக்கம், உங்கள் பேச்சு ஒரு பக்கம். யார் பக்கம் நிற்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொன்னீர்கள். நேரமாகிவிட்டது, ஆனால் சொன்னீர்கள்.

அப்பா இன்னும் உங்களுக்கு எழுதமாட்டேன் என்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

ரெட்டா


ஹாமில்டன்
2018 மார்ச் 11

ரெட்டாவுக்கு,

அந்த வாசலில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அது உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். முதல் ஆள் நீ இல்லை. உன் பாட்டிக்குத் தெரியாமல் மூக்குப்பொடி எடுத்தவள் யார் என்று நினைக்கிறாய்? எனக்கு அப்போது ஒன்பது வயது. பழி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஒரு பெண் மேல் போனது. அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டினேன். ஊசி போட்டிருக்கிறார்கள். கைத்தடி தந்திருக்கிறார்கள். அதை ஊன்றிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனேன். எல்லாரும் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு பீன்ஸை நீ உரிக்காதே, அவனே உரிக்கட்டும். சின்ன வயதிலேயே அவன் நார் எடுப்பதில் கெட்டிக்காரன்.

வெர்டி அத்தை


லிக் ஓடை
2018 மே 13

அக்காவுக்கு,

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போதும் முழுக்கத் தெரியவில்லை.

படத்தை அடுப்பில் போடவில்லை. கழற்றிவிட்டேன். அதைப் பார்த்தால் வலி குறைந்துகொண்டிருந்தது, அதையும் நீ எடுத்துக்கொண்டாய். கோபம்தான் எழுதச் சொல்கிறது, எழுதிவிட்டேன். மருந்து போனதைக்கூடப் பொறுத்துவிடுவேன். என் வாயால் என் மகளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தாயே, அது எப்போது ஆறும் என்று தெரியவில்லை.

ஆனால் பூ வைக்கும் நாள் வருகிறது. அம்மாவைப் புதைத்த அன்று எனக்கு மூன்று வயது. பதினோரு வயதுப் பெண் நீ, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மலை முழுக்க ஏறினாய். அதற்கப்புறம் நீ பள்ளிக்கூடம் போகவில்லை. அதை யாரும் உனக்கு எண்ணிக் கொடுக்கவில்லை.

இந்த வருடம் என்னால் நடக்க முடியாது. டெல்பர்ட்டின் மலைவண்டியை ரெட்டா ஓட்டுகிறாள். பின் இருக்கையில் நான். பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது. ஏறுவதாக இருந்தால் வா. நடந்துதான் வருவேன் என்றால் வராதே.

அடுக்கு கேக் நீ செய்துகொண்டு வா. ரெட்டாவுக்கு அது வரவில்லை, ஓடு மாதிரி இருக்கிறது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

இன்னொன்று. சாவி இப்போது கடிகாரத்துக்குள் இல்லை. ரெட்டாவின் கழுத்தில் இருக்கிறது. எனக்கு மாத்திரை வேண்டுமென்றால் நானே அவளிடம் கேட்டுத்தான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
ஹோபர்ட்